கதவில் முதலாமவன்

பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு விளையாடும் வளர்ந்த மனிதர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இலக்கிய வாசகர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது என்றே நினைக்கிறோம். டோக்கியோவில் வேலை பார்க்கும் நாங்கள் ஐவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளரங்கு ஏர்சாஃப்ட் ஆடி வருகிறோம். ஜப்பானில் இதற்கு சர்வைவல் கேம் என்று பெயர். செல்லமாகச் சுருக்கினால் 'சாபகே'. அசல் துப்பாக்கியைச் சாமானியர் எளிதில் தொட முடியாத ஒரு நாட்டில்தான் அதன் நகல் இத்தனை நுணுக்கமாக வளர்ந்தது. 2006இல் திருத்தப்பட்ட சட்டம் அந்த நகலுக்கும் கடிவாளம் போட்டது: 6 மி.மீ. குண்டு என்றால் விசை 0.98 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. 0.2 கிராம் குண்டுக்கு அது நொடிக்கு 99 மீட்டர் வேகம். ஐந்து மீட்டர் நீள அறையில் குண்டு உங்களை அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். பார்த்துவிட்டு விலகலாம் என்பதெல்லாம் திரைப்படத்தில்தான்.

திறந்தவெளி ஆட்டத்தில் தூரம், காற்று, புதர் என்று பல உண்டு. உள்ளரங்கில் கதவும் மூலையும் மட்டுமே. பிளைவுட் பலகைகளால் தடுத்த சிற்றறைகள், குறுகிய நடைகள், மங்கிய விளக்கு. புதிதாக வருபவர் எவரும் முதலில் செய்வது சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுதான். சுவர் காக்கும் என்று உடம்பு நம்புகிறது. ஆனால் மூலையை ஒட்டி நிற்பவனின் துப்பாக்கி முனையும் முழங்கையும் அவன் கண்ணுக்கு முன்பே வெளியே போய்விடுகின்றன. சுவரிலிருந்து ஓரிரு எட்டு பின்வாங்கி நின்றால், அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அறையைக் கோணம் கோணமாகத் திறந்துகொள்ளலாம். ஜப்பானியர் இதை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிக் 'கட்டிங் பை' என்பார்கள். எங்களுக்குள் 'விசிறி' என்கிறோம். மடக்கிய விசிறி ஒவ்வொரு மடிப்பாக விரிவது போல அறை விரியும். வாசலுக்கு வெளியிலிருந்தே முக்கால் அறையைப் பார்த்து முடித்துவிடலாம். எஞ்சுவது வாசலின் இரு பக்கத்து மூலைகள். அவற்றுக்கு உள்ளே போயே ஆக வேண்டும்.

குழு என்ற ஒன்று தேவைப்படுவது இங்கேதான். முதலாமவன் ஒரு மூலைக்குப் போகிறான். எந்த மூலை என்பது அவன் உரிமை. இரண்டாமவன் கேள்வி கேட்காமல் எதிர் மூலைக்குப் போகிறான். முதலாமவனின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலாமவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அவன் மூலை அனாதையாகிவிடும். மூன்றாமவன் நடுவை எடுத்துக்கொள்ள, கடைசி ஆள் வந்த வழியைப் பார்த்தபடி நிற்கிறான். அதுதான் அலுப்பான வேலை, ஆனால் ஆட்டங்கள் அங்கேதான் தோற்கப்படுகின்றன. இருவரும் வாசலிலேயே தயங்கி நின்றால் ஒரே எதிரி இருவரையும் முடித்துவிடுவான். ஆகவே உள்ளே போகிறவன் வாசலைக் காலி செய்துவிட வேண்டும். மேகசின் தீர்ந்தால் உரக்கச் சொல்ல வேண்டும். எதிரிக்கும் கேட்கும், கேட்கட்டும். அருகிலிருப்பவனுக்குக் கேட்காமல் போவதுதான் ஆபத்து.

நம் பழைய மறம் புறப்புண்ணை இழுக்கென்றது. வெண்ணிப் போரில் முதுகில் காயம்பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்த கதை நமக்குத் தெரியும். இந்த ஆட்டத்தில் முதுகில் குண்டு படுவது சர்வ சாதாரணம். பட்டவன் நாணுவதில்லை. அவன் முதுகைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவன்தான் தலைகுனிகிறான். இது மறத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம்.

இன்னொரு வேறுபாடு, இதில் காயமே இல்லை. பெயிண்ட்பால் போலச் சாயம் ஒட்டுவதில்லை. குண்டு பட்டவன் தானே 'ஹிட்' என்று கத்தி, கையை உயர்த்தி, வெளியேற வேண்டும். அவ்வளவு நுணுக்கமான தந்திரங்களும் கடைசியில் பட்டவனின் வாய்ச்சொல் ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. பட்டும் சொல்லாமல் ஆடுபவனை ஜப்பானியர் 'ஸோம்பி' என்பார்கள். சந்தேகம் வந்தால் எதிரியோடு நேரே சண்டைக்குப் போகாமல் களப் பணியாளரிடம் சொல்வதே அங்கே மரியாதை.

எதிரி என்றால் சரி. நம்மவன் என்றால்?

எங்கள் குழுவில் மூத்தவர்தான் வெகுகாலம் முதலாமவர். குறி தப்பாதவர். ஒரு கோடைகால ஆட்டத்தில் அவர் முதுகுப் பையில் 'டக்'கென்று குண்டு பட்ட ஓசை பின்னாலிருந்த இளையவனுக்குக் கேட்டது. கனத்த பை என்பதால் அவருக்கு உறைக்கவில்லை. அடுத்த அறையில் இருவரை வீழ்த்திவிட்டார்.

"அண்ணே, உங்களுக்குப் பட்டுருச்சு."

"எனக்கொண்ணும் தெரியலையேடா."

இளையவன் அடுத்து எதுவும் பேசவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு நின்றுவிட்டான். நடுவில் ஒருவன் நின்றதும் வரிசை குலைந்தது, தோற்றோம். இடைவேளையில் இரு கட்சியானோம். தன் உடம்பில் பட்டதைச் சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே என்றார் மூத்தவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்தவன் கத்த ஆரம்பித்தால் ஆட்டம் நாறிவிடும். ஆனாலும் எங்களில் பெரும்பான்மை இளையவன் பக்கமே நின்றது. முதுகைப் பார்த்துக்கொள் என்று ஒருவனிடம் ஒப்படைத்த பிறகு, அவன் அங்கே பார்த்ததை மட்டும் ஏற்க மாட்டேன் என்பது எப்படி?

மூத்தவர் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, எவரும் அழைக்காமலே, கண்ணாடியும் முகக்கவசமும் சகிதம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தார். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வரிசை கட்டும்போது அவராகவே கடைசிக்குப் போய், வந்த வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டார். இப்போது கதவில் முதலாமவன் இளையவன்தான். மூத்தவரைவிட வேகம், அதனால் அடியும் அதிகம். பத்தில் ஆறு ஆட்டங்களில் முதல் அறையிலேயே அவன் 'ஹிட்' கேட்கும், பின்னாலிருந்து "சரி, நீ போ, இரண்டாவது ஆள் வா" என்று மூத்தவரின் குரலும்.