தச்சர் அண்ணர்

அல் கோபாரில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். மூத்தவர் மன்னாரிலிருந்து வந்த தச்சர் அண்ணர். சவூதியில் தேவாலயம் கிடையாது. 1986இல் திறந்த 25 கிலோமீற்றர் பாலத்தைக் கடந்தால் பஹ்ரெயினில், மனாமாவில், திருஇருதய ஆலயம். ஆனால் அவருடைய கடவுச்சீட்டு முதலாளியிடம்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு ஞாயிறு. கதவைச் சாத்திவிட்டு மெல்லச் செபமாலை சொல்லுவார். சைவப் பொடியள் நாங்கள் ரேடியோவைக் குறைத்துவிடுவோம். நடுவில் பாதிப் பாதி செதுக்கி, ஆணியில்லாமல் பொருத்திய சிலுவை ஒன்று வைத்திருந்தார். செபம் முடிந்ததும் கழற்றி உளிப்பெட்டிக்குள் போட்டுவிடுவார். பார்ப்பவருக்கு இரண்டு பலகைத் துண்டு. நல்ல தொழில்காரன் புத்தி!

சம்பளத்தில் சாப்பாட்டுக்காசு போக மிச்சமெல்லாம் மனுசிக்கும் மூன்று பெட்டையளுக்கும். அவர்கள் இடம்பெயர்ந்து மடுவில் இருந்தார்கள்.

1999 நவம்பரில் மடு ஆலய வளாகத்தில் ஷெல் விழுந்து, தஞ்சமடைந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெயர்களை அறிய வழியில்லை. அண்ணர் வேலைக்குப் போய்வந்தார், பேசவில்லை. சிலுவை மட்டும் கழற்றப்படாமல் தலைமாட்டிலேயே கிடந்தது. பயம்தான், என்றாலும் எடுத்து வையுங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மனுசியின் கடிதம் வந்தது. பிள்ளைகள் சுகம், கொட்டிலுக்குத் தகரம் வேண்டும் என்றிருந்தது. அன்றே ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தார்.