ஆனாதெ

மின்சாரம் போனதும் யாங்கோன் தெருக்களில் "மீ பியெ" என்று ஒரு முணுமுணுப்பு எழும். மீ என்றால் நெருப்பு, விளக்கு. பியெ என்றால் கெட்டுப்போனது. மின்சாரம் திரும்பினால் "மீ லாபி!" என்று பிள்ளைகள் மாடிக்கு மாடி கத்துவார்கள். 2023 கோடையில் எங்கள் தெருவில் இந்த இரண்டும் மாறி மாறிக் கேட்டன. உளுந்து ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். குடியிருப்பது நாலாவது மாடி. இங்கே பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறுகள் தொங்கும், நுனியில் ஒரு கிளிப்போ பையோ இருக்கும். செய்தித்தாள், சாப்பாடு, மருந்து எல்லாம் அதில்தான் மேலே ஏறும்.

அப்படி ஒரு மின்வெட்டு மாலையில், பன்சொடான் தெரு நடைபாதையில் வாங்கிய அட்டை இல்லாத ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எப்படி மாறியது என்று சொல்லும் வகை அகராதி. பேட்டரி விளக்கொளியில் கண்ணில் பட்டது 'மெயின்'.

மெயின் ரோடு, மெயின் சுவிட்ச், மெயின் பஜார் என்று நாம் நாளும் சொல்வது. திருச்சிக்காரர்களுக்கு மெயின்கார்டு கேட். முதன்மையானது என்ற பொருளில் அது நம் நாக்கில் தமிழாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அது 'மேயென்' என்று ஏறக்குறைய ஒலித்த ஒரு பெயர்ச்சொல். பொருள்: வலிமை. உடம்பின் வலிமை மட்டும் அல்ல. படை என்றும் பொருள், நற்குணம் என்றும் பொருள், தெய்வத்தின் அற்புதச் செயல் என்றும் பொருள். பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் நாயகனுக்கு முப்பது ஆட்களின் பலம் அவன் கைப்பிடியிலேயே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அங்கே வலிமைக்கு இரண்டு சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கியிருக்கிறார்கள். ஒன்று மேயென். மற்றது கிராஃப்ட்.

கிராஃப்ட் என்றதும் பள்ளிக்கூடத்தில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த கிராஃப்ட் பீரியட்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதுவும் முதலில் வலிமை என்றே பொருள்பட்டது. பிறகு கைத்திறன் ஆனது, பிறகு கைவினை, கடைசியில் படகுக்கும் அதே பெயர் வந்தது. அதன் ஜெர்மானியச் சகோதரச் சொல் இடம்பெயரவில்லை. இன்றும் ஜெர்மனியில் மின் நிலையத்தை கிராஃப்ட்வெர்க் என்கிறார்கள், அதாவது வலிமை ஆலை. மின்சாரம் இல்லாத இரவில் இதைப் படித்ததாலோ என்னவோ, வரிகள் மனசில் ஒட்டிக்கொண்டன.

இன்னொன்று என்னை எழுந்து உட்காரவைத்தது. பழைய ஆங்கிலத்தில் வலக்கையைக் குறித்த சொல்லின் நேர்ப்பொருள் 'அதிக வலுவானது' என்பது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! வல் என்ற வேரிலிருந்து வலிமை, வல்லவன், வல்லமை. அதே குடும்பத்தில் வலம், வலது. ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு கூட்டத்தார், தம் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

வல் குடும்பத்தில் வலி என்ற சொல்தான் என்னைச் சிறு வயதிலிருந்து துரத்துவது. திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். எட்டாம் வகுப்பில் அந்தத் தலைப்பைப் பார்த்து, நோவை அறிவது பற்றிய பாடம் என்றே நினைத்தேன். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டு இறங்கச் சொல்கிறது அது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்கிற குறளும் அங்கேதான். வலி என்றால் பலம் என்று ஆசிரியர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். அப்பத்தா தோளைத் தடவிக்கொண்டே, "எங்கப்பனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு" என்றாள்.

அவளுடைய அப்பா ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், மூட்டை தூக்கியவர். அரிசி ஆலைகளிலிருந்து கிட்டங்கிக்கும், கிட்டங்கியிலிருந்து துறைமுகத்துக்கும். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடாக அன்று பர்மா இருந்தது. அந்த அரிசி பல நூறாயிரம் முதுகுகளின் மேல் ஏறித்தான் கப்பலுக்குப் போனது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் மேஸ்திரிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். முன்பணத்தைக் கழிக்கவே மாதக்கணக்கில் உழைக்கவேண்டும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதற்கு முந்தைய வருடம், 1930 மே மாதம், கூலி உயர்வு கேட்டு இந்தியத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாக பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியர்களை அனுப்பிவிட்டார்கள். கலவரம் வெடித்தது. தோள் வலு ஒன்றையே சொத்தாக வைத்திருந்த இரண்டு ஏழைக் கூட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் எவரும் அந்தத் தெருவில் இல்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்தவர்தான், அந்த நடையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். அப்பத்தாவின் சித்தப்பா ஒருவர் புறப்பட்டார், வந்து சேரவில்லை. அவளும் அப்பா அம்மாவும் ரங்கூனிலேயே தங்கிவிட்டார்கள். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்த வருடம் கணவரோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்தாள். அந்தக் கைக்குழந்தை என் அப்பா.

அவள் தன்னோடு கொண்டுவந்ததில் ஒரு சொல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆனா. "அவுக வீட்டுல போயி கேக்க ஆனாவா இருக்கு." "ரெண்டாந்தரம் சோறு கேக்க ஆனாவா இருந்துச்சு." கூச்சம் என்று நாங்கள் பொருள் கொண்டோம். சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரில் வேறு எந்த வீட்டிலும் அந்தச் சொல் இல்லை.

இங்கே வந்து பர்மிய மொழி பழகியபோதுதான் அதன் உட்பிரிவு தெரிந்தது. ஆ என்றால் வலிமை. நாதெ என்றால் வலிக்கிறது. வயிற்றுவலிக்கு 'பைக் நாதெ' என்பார்கள். ஆனாதெ: வலிமை வலிக்கிறது. டீக்கடை மேசையில் ஒருவர் இதைப் பிரித்துச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தமிழில் நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நகர்ந்த வலி, பர்மியத்தில் இரண்டு அசைகளாக அருகருகே உட்கார்ந்திருக்கிறது.

பர்மியர்கள் இந்த ஆவை வைத்துக்கொண்டு எவ்வளவோ சொல்கிறார்கள். ஆ பே, வலிமை கொடு: ஊக்கப்படுத்து. கடைக்காரர் நம்மைத் தொடர்ந்து வாங்கச் சொல்வதும் இதே சொல்லால்தான். ஆ கோ என்றால் நம்பிச் சார்ந்திருப்பது. ஆ ஙே, வலிமை சிறுத்துப்போனது: மனம் தளர்ந்தது. விளையாட்டுக்கு ஆ கஸா. போனுக்கு சார்ஜ் போடுவது ஆ துவின், வலிமையை உள்ளே செலுத்துவது. "உங்களுக்கு நேரம் இருக்கிறதா" என்பதையும் அதே ஒலியில் "ஆலா" என்று கேட்கிறார்கள். நம் பலம் இங்கே பாலி வழியாக 'பல' என்று வழங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பலங்களைப் படிக்கிறார்கள்: உடல், அறிவு, ஒழுக்கம், நட்பு, செல்வம். ஏட்டில் எழுதும்போது பல, வீட்டில் பேசும்போது ஆ. இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது ஆதான். பல என்பது எண்ணி வைத்துக்கொள்ளும் உடைமை. ஆ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்வந்துகொண்டே இருக்கிறது.

தமிழிலும் வலிமைச் சொற்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. உரம் என்பது நெஞ்சுறுதியைக் குறித்தது, இன்று கடையில் மூட்டையாக விற்கிறது, வயலுக்குப் போகிறது. நோன்மை என்றால் வலிமை, பொறுத்துக்கொள்வதும் அதுவே, நோன்பு அதன் பிள்ளை. ஆங்கிலத்து மேயென் பதவி உயர்ந்து, மற்றவற்றுக்கெல்லாம் தலைமையான மெயின் ஆனது. நம் வலி இறங்கிப் போய் மூட்டை சுமந்தவரின் தோளில் தங்கியது. என் கொள்ளுத்தாத்தாவை நினைத்தால் இந்த இறக்கத்தில் ஒரு நேர்மை இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆனா எப்போதும் நல்லதையே செய்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. அப்பத்தாவுக்கு ஒரு நாள் நடு இரவில் நெஞ்சு வலித்திருக்கிறது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். அவள் திண்ணையில் போய் உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தாள். காபி குடிக்கும்போதுதான் சொன்னாள். "எல்லாரும் அசந்து தூங்குனீங்க. எழுப்ப ஆனாவா இருந்துச்சு." இரவே கொண்டுவந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பல வருடங்கள் கோபம் இருந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணம் இங்கே கிடைத்தது. எங்கள் உளுந்து பயின்நௌங் மொத்தச் சந்தையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறுகிற உளுந்தில் ஒரு பங்கு இந்த ஊர்க் கிட்டங்கிகளில் மூட்டையானது. ஒரு ஜூன் மாத மாலை, மழை இறங்கும் முன் மிச்சம் இருந்த மூட்டைகளையும் உள்ளே போட்டுவிடச் சொல்லி, வேலை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். சிரித்தார், தூக்கினார். ஒவ்வொன்றும் 50 கிலோ. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அவருக்கு இடுப்பில் பிடிப்பு என்றும், காலையிலிருந்தே முடியாமல்தான் நின்றார் என்றும் மறுநாள் சந்தையில் சொன்னார்கள். "முடியாது என்று சொல்லியிருக்கலாமே?" என்றேன். "உங்களிடம் எப்படிச் சொல்வார்? ஆனாதெ" என்றார்கள்.

வலிக்கவேண்டியது எனக்கல்லவா? கேட்டது நான். சம்பளம் அதிகம் எனக்கு, நாற்காலி எனக்கு, மழைக்கு ஒதுங்கக் கூரையும் எனக்கு. அவருடைய வலிமையைச் செலவழித்தது என் வாய்ச்சொல். ஆனா என்பதை அடுத்தவரின் ஆவைச் செலவழிக்க நேரும்போது நமக்குள் எழும் வலி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் அது மேலே இருக்கிறவருக்குத்தான் முதலில் வரவேண்டும். கீழே இருக்கிறவருக்கே அது பெரும்பாலும் வாய்த்துவிடுகிறது, மறுக்க முடியாமல் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. மேஸ்திரிகளின் காலத்திலும் என் கொள்ளுத்தாத்தாவின் வாயை ஏதோ ஒன்று இப்படித்தான் கட்டியிருக்கும். வலியறிதல் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ராஜாவுக்குச் சொன்னது. தன் பலத்தை அளந்துகொள்வது, எதிரியின் பலத்தை அளந்துகொள்வது எல்லாம் அங்கே இருக்கிறது. ஈரத் துண்டோடு நின்ற பெரியவரின் இடுப்பை அளக்க எனக்கு அது கற்றுத்தரவில்லை. அதற்கு அப்பத்தாவின் சொல்லையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பர்மிய வார்த்தைகளைத் திரட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்: ஆனாதெ. எழுந்து, நான் உட்கார இன்னொரு மூட்டையைத் தட்டிக் காட்டினார். என் அப்பத்தா இந்த ஊரில் பிறந்தவள் என்று சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அகராதி படித்த அந்த இரவில் மின்சாரம் வெகுநேரம் வரவில்லை. என் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது, ஊரிலிருந்து அப்பா அழைக்கிற நேரம். கீழே டீக்கடையில் பேட்டரி வைத்திருக்கிறார்கள், தெருவாசிகளின் போன்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும். கடையில் இன்னும் கூட்டம். வேலை செய்கிற பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம், காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவன். கையில் பையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பால்கனியிலேயே நின்றேன். பிறகு போனையும் வயரையும் பையில் போட்டுக் கயிற்றில் இறக்கினேன்.

"ஆனாதெ!" என்று மேலிருந்து குரல் கொடுத்தேன்.

பையன் அண்ணாந்து பார்த்தான். பையை அவிழ்த்துக்கொண்டே, "ம ஆனாபா நெ!" என்று கத்தினான். ஆனாப் படாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றில் கட்டியிருந்த மணி குலுங்கியது. இழுத்துப் பார்த்தால் போன் இல்லை, மூடி போட்ட ஒரு டம்ளரில் சூடாகத் தேநீர் ஏறி வந்துகொண்டிருந்தது.