பீளைக்கண்ணி

எங்க அம்மாவுக்கு ஊர்த்தெருவில் பேரே கிடையாது. ‘பீளைக்கண்ணி’தான். இமையோரம் சதா செவந்து, மயிர்க்காலில் பொடுகு மாதிரி செதில் ஒட்டிக் கிடக்கும். விடிகாலையில் இமை ரெண்டும் பசை போட்டாப்போல ஒட்டியிருக்கும். எச்சில் தொட்டுத்தான் பிரிக்கும். “குளிச்சி முழுவுனாத்தான? சேரி சனம்!” என்பார்கள் கூலி அளக்கும்போதே. அந்த வீட்டுப் பாட்டிக்கும் அதே கண்தான். அதுக்குப் பேர் சூடு. எங்களுக்கு வந்தால் அழுக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தூர நின்று டார்ச் அடித்து, “மூஞ்சக் கழுவு” என்று சீட்டு எழுதினார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். ரெண்டே நாளில் செவப்பு ஓடிப்போச்சு. நிறுத்தினால் திரும்ப வரும். ரெண்டு வருஷம் அதையே ஊற்றியது அம்மா.

2011இல் வேறொரு கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அம்மாவின் இமையைப் புரட்டி, விரலால் பிதுக்கிக் காட்டினார். பற்பசை மாதிரி கெட்டியாக வந்தது. இமை அழற்சி, இங்கிலீஷில் பிளெஃபரைட்டிஸ். ஒவ்வொரு இமைக்குள்ளும் இருபது முப்பது எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் காய்ந்துபோகாமல் மேலே படலமாக நிற்கிறது. அது கெட்டியாகி வாய் அடைத்தால் கண் காயும், மணல் விழுந்தாப்போல உறுத்தும். தோலில் எல்லாருக்கும் உள்ள கிருமி பெருகினாலும் வீங்கும். தலைப்பொடுகு இருந்தால் வாய்ப்பு கூடுதல். ஒட்டுவாரொட்டி இல்லை. ஊர்த்தெருவுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொல்கிறேன்: ஒட்டுவாரொட்டி இல்லை.

அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து, பொறுக்கிற சூட்டில் மூடின கண்மேல் 5லிருந்து 10 நிமிஷம் வைக்கணும். மேல் இமையைக் கீழாகவும் கீழ் இமையை மேலாகவும் மெல்ல நீவணும். பிறகு இமையோரத்தைத் துடைத்துச் செதிலை எடுக்கணும். செவப்பு போனபிறகும் தினம் செய்யணும். சிலருக்குக் களிம்பு, சிலருக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை என்று டாக்டர் பார்த்துக் கொடுப்பார்.

வேலிக்கருவை முள்ளை எரித்து, புகைக்குள் ஊதி ஊதிச் சோறாக்கின கண் அது. புகை எரிச்சலைக் கூட்டுமாம். விடியுமுன்னே நடவுக்கு ஓடுகிறவளுக்கு 10 நிமிஷம் கண்ணை மூடிப் படுக்க யார் விட்டார்கள்?

கடைக்காரர் கொடுத்தது ஸ்டீராய்டு. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நாள்கணக்கில் ஊற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், நரம்பு செத்தால் திரும்பாது. அம்மாவுக்கு இடது கண்ணில் பக்கப்பார்வை போயிருந்தது. டாக்டரம்மா அதைச் சொன்னபோது அம்மா அழவில்லை. வெளியே வந்துதான் சொன்னது: “அந்தப் பொண்ணு கையால தொட்டுப் பாத்துச்சுப்பா.”

இப்போ அழுத்தத்துக்கும் ராத்திரி ஒரு சொட்டு உண்டு. காலையில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து நான்தான் ஒத்தடம் கொடுக்கிறேன். அந்தப் பழைய சொட்டு மருந்து அதே கடையில் சீட்டு இல்லாமல் இன்னமும் கிடைக்கிறது.