ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களுக்கு நடுவே ஒரு புத்தக ஊர்!

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், பஞ்சகனிக்கும் மகாபலேஷ்வருக்கும் நடுவே இருக்கிறது பிலார். இந்த வட்டாரத்துக்கு வருகிறவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றே மூன்றுதான். வியூ பாயின்ட்டில் செல்ஃபி, க்ரீம் போட்ட ஸ்ட்ராபெர்ரி, திரும்பும்போது ஒரு பாட்டில் ஜாம். பிலாரும் ஸ்ட்ராபெர்ரி ஊர்தான். ஆனால், இங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் இன்னொரு காரணமும் சொல்வார்கள். புத்தகம்!

ஊரின் இன்னொரு பெயரே 'புஸ்தகாஞ்சே காவ்'. புத்தகங்களின் கிராமம் என்று அர்த்தம். 2017 மே 4 அன்று மகாராஷ்டிர அரசு இதைத் தொடங்கிவைத்தது. 25 இடங்கள், சுமார் 15,000 மராத்தி புத்தகங்கள். 'நூலகத்துக்குத் தனிக் கட்டடம் கட்டினார்களா?' என்றால், இல்லை. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தார்கள். லாட்ஜ் நடத்துகிறவர்கள் ஓர் அறையை ஒதுக்கினார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும்கூட இந்தக் கணக்கில் உண்டு. சுவர்களில் ஓவியர்கள் வந்து படம் வரைந்தார்கள். அலமாரிகளும் நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. அவ்வளவுதான், ஊரே நூலகமாகிவிட்டது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துறை. ஒரு வீட்டில் கவிதை, அடுத்த வீட்டில் வரலாறு, கொஞ்சம் தள்ளி குழந்தை இலக்கியம், இன்னொன்றில் தன்வரலாறு. மராத்தியர்களின் செல்லமான தீபாவளி சிறப்பிதழ்களுக்கும் இடம் உண்டு. மராத்தியில் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது 1909-ல் வெளிவந்த 'மனோரஞ்சன்' இதழ் என்பார்கள். தீபாவளி மலருக்கு முன்பதிவு செய்து காத்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பிரியம் சட்டென்று புரியும்.

இந்த ஊருக்கு முன்மாதிரி, இங்கிலாந்து எல்லையை ஒட்டி வேல்ஸில் இருக்கும் ஹே-ஆன்-வை. அங்கே 1960-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் என்பவர் பழைய புத்தகக் கடை போட்டார். கடைகள் பெருகின. 1977 ஏப்ரல் 1 அன்று, அவர் தன்னை 'ஹே நாட்டின் மன்னர்' என்றே அறிவித்துக்கொண்டார். (தேதியைக் கவனித்தீர்களா?) தன் குதிரையைப் பிரதமராகவும் ஆக்கினார். குறும்புதான், ஆனால் உலகம் முழுக்க ஊரின் பெயர் பரவியது.

ஹே ஊரின் உயிர் வியாபாரம். பிலாரில் நடப்பது வேறு. இங்கே புத்தகம் விற்பனைக்கு அல்ல. உட்கார்ந்து படிக்கலாம், காசு கிடையாது. படித்து முடித்ததும் அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், முன்பின் தெரியாதவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவைப்பது சாதாரண காரியமா? சீஸன் நேரத்தில் சுற்றுலாக் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததா! செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு யார் யாரோ உள்ளே வருவார்கள். சிலர் படிப்பார்கள், பலர் போட்டோ எடுப்பார்கள். உள்ளே அடுப்படி வேலையும் நடக்க வேண்டும், தோட்டத்தில் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். அரசுத் திட்டம் என்று பலகை மாட்டினாலும், நாளும் இதைத் தாங்கிப்பிடிப்பது அந்தந்த வீட்டுக்காரர்களின் பொறுமைதான்.

அந்தப் பொறுமைக்குப் பலனும் உண்டு. நகரத்து நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். வீட்டு முன்னறையில் அப்படி எழுதி மாட்ட முடியுமா? 'என்ன படிக்கிறீங்க?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் தன் கையில் இருப்பதைக் காட்டுவார். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு, ஏற்கெனவே படித்த இன்னொரு பிள்ளையின் ஒரு வார்த்தை போதும். விளம்பரத்தால் ஆகாதது அதில் ஆகிவிடும்.

பிலாருக்கு வேறொரு பெருமையும் இருக்கிறது. 1944-ல் பஞ்சகனியில் காந்தியடிகளைத் தாக்க வந்த கோட்சேவைத் தடுத்தவர் என்று சொல்லப்படும் சுதந்திரப் போராட்ட வீரர் பிலாரே குருஜி இந்த ஊர்க்காரர். புத்தக கிராமம் தொடங்கிய அதே 2017-ல் அவர் மறைந்தார். காந்தியோடு சம்பந்தப்பட்ட இன்னொரு புத்தக ஊர், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் இருக்கும் பெரும்குளம். காந்தி மறைவுக்குப் பிறகு இளைஞர்கள் அவர் நினைவாக 1948-ல் தொடங்கிய வாசகசாலைதான் அந்த ஊரின் ஆணிவேர். அங்கே சாலையோரங்களில் கூடுபோலப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். யாரும் புத்தகம் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். பூட்டு கிடையாது.

சரி, மராத்தி தெரியாத நமக்கு பிலாரில் என்ன வேலை? நியாயமான கேள்விதான். இந்தி எழுத்து தெரிந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம், எழுத்து ஒன்றுதான். மராத்தி நமக்கு அப்படியொன்றும் தூரத்து மொழியும் இல்லை. தஞ்சை சரஸ்வதி மகாலில் மராட்டிய மன்னர்கள் காலத்து மராத்திச் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. மொழியே வேண்டாம் என்றாலும், ஓவியச் சுவர்களைப் பார்த்தபடி வீடு வீடாக நடப்பதே ஒரு நாளுக்குப் போதும்.

புனே வரை ரயில், அங்கிருந்து வாய் வழியாகப் பஞ்சகனிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் சாலைப் பயணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலையில் மழை கொட்டித் தீர்க்கும், அப்போது வேண்டாம். டிசம்பருக்குப் பிறகு போனால் ஸ்ட்ராபெர்ரியும் கிடைக்கும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை வெளியே கொண்டுவர முடியாது என்பதால், பாதியில் விட்டதன் பெயரையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ள உதவும்.