யானைக்குத் தீனி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சமதரை என்பது அரும்பொருள். 1929-ஆம் ஆண்டில் ரசல் என்பார் இம்மலையில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டுச் சரிவெல்லாம் செடிக்கே உரியதாயிற்று. மனிதனுக்கு எஞ்சியவை லயம், கோயில், பள்ளி, ஒரு சிறு திடல். அத்திடலில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பந்து உதைக்கப் பழகினர். ஓங்கி உதைத்தால் பந்து தேயிலைக்குள் உருண்டு மறையும். உதைத்தவனே இறங்கித் தேடி வரவேண்டும் என்பது அங்கு எழுதாச் சட்டம்.

அப்பிள்ளைகளின் நெஞ்சில் குடியிருந்தது பகாங் மாநில அணி. அதன் தாய்த்திடலோ கீழைக் கடலோரத்துக் குவாந்தானில் இருந்தது. மலையோ மாநிலத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது. ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர் பரந்த மாநிலத்தின் இரு கோடிகளையும் ஒரு மஞ்சள் சட்டை இணைத்து வைத்தது. அணிக்கு வழங்கிய செல்லப்பெயர் ‘தோக் காஜா’. ஆங்கிலேயரை எதிர்த்து 1891-இல் மூண்ட பகாங் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவர் பெயர் அது. ‘காஜா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு யானை என்பது பொருள். வடமொழியின் ‘கஜ’ அதிலே ஒலிப்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

இந்த யானை மெல்லத்தான் நடந்தது. 1921-இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தோன்றிய மலேசியக் கிண்ணத்தைப் பகாங் முதன்முறையாக வென்றது 1983-இல்தான். சிலாங்கூரை 3-2 என வீழ்த்திய வெற்றி அது. 1992-இல் லீக் பட்டமும் கிண்ணமும் ஒருங்கே கைக்கு வந்தன. டோல்லா சாலே, சைனல் அபிடின் ஹசான் ஆகியோரின் ஆட்டத்தை அக்காலத்தார் இன்றும் வியந்து பேசுவர். 2004-இல் புதிதாகத் தொடங்கிய சூப்பர் லீக்கின் முதல் வெற்றியாளரும் பகாங்கே.

யானைக்கும் அடிசறுக்கும் என்பர். சறுக்கவும் செய்தது. 2012-ஆம் ஆண்டில் அவ்வணி இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆட நேர்ந்தது. அரியணையில் இருந்தவர் முற்றத்தில் நிற்பது போன்ற நிலை. ஆயினும் அந்த வீழ்ச்சி அணியை முடக்கவில்லை. மறு ஆண்டே மேனிலைக்குத் திரும்பி, கிளந்தானை 1-0 என வென்று 2013-இன் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஜொகூர் டாருல் தாக்ஸிமுடன் 2-2 எனச் சமநிலை கண்டு, பெனால்டி உதைகளில் வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது. முன்னாளில் பந்தோடு ஓடிய டோல்லா 2013-இலும், சைனல் 2014-இலும் பயிற்றுநராக நின்று அவ்வெற்றிகளைத் தேடித் தந்தனர். அணியில் சுரேந்திரன், கோபிநாதன் என நம்மவர் பெயர்களும் ஒலித்தன. திடல் சிறிதாயினும் கனவு சிறிதாக வேண்டியதில்லை என்பதற்கு அப்பெயர்களே சான்றாயின.

பின் வந்தது 2025. ஏப்ரல் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். எதிரே நாட்டின் மிக வலிய அணியான ஜொகூர். 1-2 என்பதே முடிவு. தலைகுனியத் தக்க தோல்வியன்று. ஆனால் மறு மாதமே, வரும் பருவத்தின் லீக் போட்டிகளிலிருந்து ஸ்ரீ பகாங் விலகுவதாக அறிவிப்பு வந்தது. நாட்டின் முதலிரு அணிகளுள் ஒன்றாக இறுதித் திடலில் நின்ற அணி, அடுத்த பருவத்தின் பட்டியலிலேயே இல்லை.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். 2012-இல் நேர்ந்தது சறுக்கல். 2025-இல் நேர்ந்தது சறுக்கல் அன்று. தோல்வி திடலில் நேர்வது. அதனைத் திடலிலேயே ஈடுகட்டலாம். பணமுடையோ கணக்கேட்டில் நேர்வது. எத்துணைக் கோல் அடித்தாலும் அது தீராது. யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதா என்று நம் முன்னோர் கேட்டது வெறும் பேச்சன்று. சறுக்கிய யானை எழும். தீனியற்ற யானை எழுவதில்லை.

இது பகாங்கிற்கு மட்டுமே உரிய கதையன்று. பனி சூழ்ந்த பின்லாந்தில் மில்லிகோஸ்கி என்றோர் ஊர். காகித ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். நம் தோட்டங்கள் தேயிலையை நம்பி வாழ்ந்தது போல. அவ்வூரின் ‘மைபா’ என்னும் கால்பந்துக் கழகம் 1947-இல் பிறந்து, 2005-இல் நாட்டின் வாகையர் பட்டம் சூடியது. 2011-இன் இறுதியில் ஆலை மூடப்பட்டது. 2015-இல் பணமின்றிக் கழகமும் முதல்நிலை லீக்கிலிருந்து விலகியது. ஒரு கை ஊட்டி வளர்ந்தது, அக்கை ஓய்ந்ததும் தளர்ந்தது. பல கைகள் சிறிது சிறிதாக ஊட்டுவதே நிலைக்கும். சீட்டு வாங்கும் சுவைஞர், ஆட்டக்காரரை உருவாக்கும் பள்ளி, திடலைக் காக்கும் ஊர் ஆகியவையே அக்கைகள்.

மலையிலும் காலம் மாறிவிட்டது. கொழுந்து பறிக்கும் கைகளுள் பல இன்று வெளிநாட்டவருடையவை. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களை நாடிச் சென்றுவிட்டன. ஆயினும் தேயிலைச் செடியிடம் கற்கத் தக்க பாடம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவர். இலை முழுதும் இழந்து கட்டையாய் நிற்கும் செடியைப் புதியவர் பட்டுப்போனது என்றே எண்ணுவர். வேர் நலமாயிருந்தால் திங்கள் சில கழிந்ததும் தளிர் விடும்.

கால்பந்தின் வேர் குவாந்தானின் பெரிய அரங்கில் இல்லை. பள்ளியின் சிறு திடலில் இருக்கிறது. வெற்றி பெற்ற அணியின் பெயரை மாணவனுக்குச் சொல்வதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை. மாலைப் பொழுதில் திடலைத் திறந்துவிடுவதும், மட்டம் போடும் சிறுவனுக்கு ஒழுங்கைப் பயிற்றுவதும், தேயிலைக்குள் உருண்ட பந்தை அவனே தேடி எடுத்து வரும்வரை காத்திருப்பதும் அவர் பணியே. யானைக்குரிய முதற்கவளம் அங்கிருந்துதான் செல்ல வேண்டும்.