எண்டர் தட்டாமல் ஒரு எழுத்து

ஆறு வயசுக்கு எண்டர் தட்டப் பொறுமை ஏது? பூனா பள்ளிக்கூடத்துல பொண்ணுக்கு மராத்தி, ஹிந்தி. தமிழ் பேச்சோட சரி. பாட்டி அனுப்புற மெசேஜைப் படிக்கத் தெரியலையேன்னு தங்கமணிக்கு ஒரே வருத்தம். நாமதான் பொட்டி தட்டுறவங்களாச்சே! பைத்தான்ல ஒரு விளையாட்டு எழுதினேன். திரையில எழுத்து வரும், அதைத் தட்டணும்.

லினக்ஸ் டெர்மினல், எண்டர் விழுற வரைக்கும் வரியைத் தன்கிட்டயே வச்சுக்கும். டெர்மியோஸ் வழியா அதை நிறுத்தணும். முடிச்சதும் பழையபடி மாத்தி வைக்கணும், இல்லேன்னா அப்புறம் தட்டுறது எதுவும் திரையில தெரியாது. தங்கமணியோட விண்டோஸ்ல இந்த வம்பே இல்லை, கெட்ச் போதும்.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. யூடிஎஃப்-8ல 'அ' மூணு பைட்: 224, 174, 133. விண்டோஸ் கெட்ச், அம்புக்குறி சாவிக்கு முதல்ல தர்றதும் அதே 224! அதனால பைட்டா வாங்காம, முழு எழுத்தா வாங்கணும். விண்டோஸ்ல அதுக்கு கெட்வ்ச் இருக்கு.

தமிழ்99ல உயிரெழுத்து 12க்கும் தனித்தனி சாவி. 'கொ'வுக்கு ரெண்டு தட்டணும், முதல் தட்டுலயே முடிவு பண்ண முடியாது. அதனால இப்போதைக்கு உயிர் மட்டும். நேத்து 'ஐ' வரைக்கும் வந்தாச்சு. 'ஒ'வுக்கும் 'ஓ'வுக்கும்தான் இன்னும் சண்டை :-)