மெழுகு இறங்கும் நேரம்

கும்பகோணம் பக்கம் இரண்டு நாள் போய்வரலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடும் வேன்கள் அங்கே உண்டு. அந்த ஓட்டத்தில் சுவாமிமலைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அறுபது தமிழ் வருடங்களுக்கு ஒன்றாக வைத்த படிகளில் ஏறி, கட்டுமலை மேலிருக்கும் சுவாமிநாதனைக் கும்பிட்டு, இறங்கி, ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியேறிவிடுவார்கள். கீழே தெருக்களில் மெழுகிலே சாமி செய்து, மண்ணால் மூடி, உலோகம் ஊற்றுகிற வேலை இன்றும் நடக்கிறது. வேன் ஜன்னல் வழியே அது வெறும் கடைப் பலகைகளாகத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் பயணத் திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் ஏதாவதொரு பட்டறையில் பேசி, வார்ப்பு என்றைக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கேற்ப ரயில் டிக்கெட், பிறகு அறை, கடைசியில் கோயில்கள். உலையைத் தினமும் மூட்டுவதில்லை. மண் பூசிய அச்சுகள் நாலைந்து சேர்ந்து, நன்றாகக் காய்ந்த பிறகே வார்ப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயாது, அப்போது போனால் வார்ப்பைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தை பிறந்தபின் நல்லது. சென்னை எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் நேரத்தில் கும்பகோணம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சுவாமிமலை. ஊர் கைக்கடக்கமானது. நடந்தே பார்த்துவிடலாம்.

நான் போயிருந்த பட்டறையில் வாசலுக்கு அருகே, வெளிச்சம் விழும் இடத்தில், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி மெழுகு வேலை செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகோடு குங்கிலியமும் நிலக்கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி எடுத்த மெழுகு. பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீர், ஒரு சின்ன அடுப்பு, அதில் காய்ந்துகொண்டிருந்த இரும்புக் கம்பி. அவர் செய்துகொண்டிருந்தது ஒரு நடராஜரின் இடது கை, யானைத் துதிக்கையைப் போல மார்புக்குக் குறுக்கே வந்து தொங்குகிற கை. விரல்களைத் தனித்தனியாக உருட்டி, மணிக்கட்டில் வைத்து, காய்ந்த கம்பி முனையால் தொட்டு ஒட்டினார். ஒட்டியதும் தண்ணீரில் ஒரு முக்கு. வெளியே எடுத்துப் பார்த்தார். சுண்டுவிரல் வளைவு அவருக்குப் பிடிக்கவில்லை. நான் அதில் ஒரு குறையும் காணவில்லை. அவர் பிய்த்துப் போட்டுவிட்டு வேறு உருட்டினார்.

“இப்பவே சரி பண்ணிடணும் சார். செம்பாயிட்டா இந்த விரலைத் திருப்பவா முடியும்?”

அவர் மடியில் ஒரு தென்னை ஓலைத் துண்டு கிடந்தது. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவுக் கோடுகள் போட்டது. ஒடியோலை என்கிறார்கள். சிவனுக்கும் பெருமாளுக்கும் மொத்த உயரத்தை 124 பாகமாகப் பிரிக்க வேண்டும், அம்பாளுக்கு 120. முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாவற்றுக்கும் அந்தப் பாகங்களில்தான் கணக்கு. அரையடிச் சிலையானாலும் ஆறடிச் சிலையானாலும் ஓலையின் நீளம் மாறுமே தவிரக் கணக்கு மாறாது. சுவரில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் தொங்கியது. கை போவது என்னவோ ஓலைக்குத்தான்.

மெழுகு உருவம் முடிந்ததும் அதைத் தராசில் வைக்கிறார்கள். உலோகம் எவ்வளவு உருக்க வேண்டும் என்று அதிலிருந்தே தெரியும்: மெழுகைப் போல எட்டு ஒன்பது மடங்கு எடை. உலோகம் இறங்குவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் வைக்கிற மெழுகுக் குச்சிகளையும் சேர்த்து நிறுக்க வேண்டும். குறைவாக உருக்கிவிட்டால் சாமிக்குக் கால் இருக்காது, தலை இருக்காது.

அடுத்து மண். இந்த வேலை வேறு எங்கும் போகாமல் இங்கேயே தங்கியதற்கு மண்ணைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், விரலில் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுக்குகிறது. உமிக்கரியும் சாணமும் சேர்த்து அரைத்து மெழுகின் மேல் முதல் பூச்சு. நகத்தின் வளைவு, உதட்டின் கோடு எல்லாம் அந்தப் பூச்சில்தான் பதிகிறது. அது காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும் கலந்து அடுத்த பூச்சு. அதற்கு மேல் கரடாக இன்னொன்று. பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். எல்லாம் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும், வெடிப்பு வழியே செம்பு ஒழுகும். மண் பூசிக்கொண்டிருந்தவர் ஐம்பது கடந்தவர். ஸ்தபதி என்று பலகையில் பெயர் எழுதப்படாதவர். சிறுவயதில் மண் குழைக்க வந்து, இன்னும் மண்ணிலேயே இருக்கிறார். அவருடைய பூச்சு ஒரு இடத்தில் மெலிந்துபோனால் மற்ற அத்தனை பேர் வேலையும் வீண்.

வார்ப்பு நாளன்று காலையிலிருந்தே வறட்டி அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள். அச்சுகள் சூடேற ஏற, உள்ளே இருந்த மெழுகு உருகித் துளை வழியாகச் சொட்டியது. முதலில் துளித்துளியாக, பிறகு கம்பியாக. அந்தத் தம்பி பிய்த்துப் பிய்த்துச் செய்த விரல்களெல்லாம் அந்த ஒழுக்கில் போய்விட்டன. சிலை இருந்த இடம் இப்போது மண்ணுக்குள் ஒரு வெற்றிடம். அச்சைக் குழிக்குள் வாய் மேலாக நிறுத்தி, சுற்றிலும் மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்து இறுக்கினார்கள்.

உலைக்கு இப்போது மின்சார விசிறிதான் காற்று கொடுக்கிறது. மூசையில் செம்பு உருகிக்கொண்டிருந்தது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளையைப் போட்டவுடன் வெள்ளைப் புகை குபுக்கென்று எழுந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் எரிகிற புகை. உலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர நகரவில்லை. அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு ஈரத் துண்டு. இந்தப் புகையை வருடக்கணக்காக மூச்சில் இழுக்கிறவருக்கு ஒரு நல்ல முகமூடியும் புகைபோக்கியும் கிடைக்க வேண்டும் என்று அங்கே நின்றபோது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. கோயிலுக்கான சிலை என்றால் இந்த நேரத்தில் உபயதாரர் குடும்பம் வந்து மூசையில் கொஞ்சம் தங்கமும் வெள்ளியும் போடும். அன்றைக்கு வார்த்தவை வீடுகளுக்குப் போகிறவை. அந்தச் சடங்கு இல்லை.

ஊற்றுகிற நேரத்தில் யாரும் பேசவில்லை. இரண்டு பேர் இடுக்கியில் மூசையைத் தூக்க, ஸ்தபதி குச்சியால் மேலே மிதந்த கசடை ஒதுக்கினார். செம்பு மெல்லிய ஒழுக்காக இறங்கியது. நடுவில் நின்றால் சிலையில் அந்த இடத்தில் வரி விழும். வேகமாக ஊற்றினால் காற்று சிக்கி ஓட்டை விழும். காற்றுத் துளையில் செம்பு எட்டிப் பார்த்ததும் “போதும்” என்றார். பெரிய மூச்சு ஒன்று எல்லோரிடமிருந்தும் வந்தது. தவறியிருந்தால் மறுபடி மெழுகு, மறுபடி மண். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

உடைத்து எடுத்ததைப் பார்த்தால் சாமி என்று சொல்ல மாட்டீர்கள். கருத்து, சொரசொரப்பாக, உடம்பெல்லாம் உலோகக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இனிமேல்தான் நீண்ட வேலை. அரம், சித்துளி, உப்புத்தாள். கடைசியில் புளியும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும். தெருவில் நடந்தால் எந்த வீட்டிலிருந்தும் கேட்கிற கிரீச் சத்தம் இந்த அரத்தின் சத்தம்தான். சிலையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே ஒருவர் ராவுகிறார். ஒன்றரை அடிச் சிலைக்கே வாரக்கணக்கில் ஆகிறது. முதுகைப் பற்றிக் கேட்டேன். “அது இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

நான் இருந்தபோது ஒரு குடும்பம் காரில் வந்திறங்கியது. பிள்ளையார் ஒன்று பிடித்துப்போய்விட்டது. “கிலோ என்ன விலைங்க?” என்று கேட்டார் பெரியவர். கேட்டதில் குற்றமில்லை, கடைக்காரர்களே அப்படித்தான் விலை போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் மெழுகு விரலைப் பிய்த்துப் போட்ட நேரம் எங்கே வரும்? மண் பூசியவரும் ராவியவரும் எங்கே வருவார்கள்? அச்சில் சுட்டு நூற்றுக்கணக்கில் வருகிற பித்தளைப் பொம்மையும் இதுவும் தராசில் ஒன்றாகவே நிற்கும். ஸ்தபதி பொறுமையாகச் சொன்னார்: “ஐயா, எடைக்கு நான் உலோகம் தரேன். வேலைக்கு என்ன குடுக்குறதுன்னு நீங்க சிலையைக் கையில எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க.” பெரியவர் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பேரம் பேசவில்லை.

இந்த ஊர்ச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும் இங்கே எட்டு உலோகங்களில் வார்த்ததுதான். 18 டன் எடை. அந்தப் படத்தைப் பட்டறைச் சுவர்களில் பெருமையோடு மாட்டியிருக்கிறார்கள். பெருமை நியாயமானது. ஆனால் பெருமையில் மட்டும் தம்பிகள் தங்க மாட்டார்கள். மெழுகு வேலை செய்த தம்பி மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். கூடப் படித்தவர்களில் சிலர் இந்த வேலையிலேயே இல்லை என்றார். சின்ன ஆர்டர்கள், முன்பணம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிப் போகிற வீடுகள், இவைதான் பட்டறைகளை நிறுத்துகின்றன. உங்களுக்கு ஒரு சிலை வேண்டுமென்றால் அலமாரியில் இருப்பதை எடுக்காமல் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். கண் திறக்கிற நாளைக் கேட்டு, முடிந்தால் அன்றைக்கு மறுபடி வாருங்கள். தங்க உளியால் விழி கீறுவார்கள்.

மீதி ஒரு நாளை எப்படி வைத்துக்கொள்வது? தாராசுரம் பக்கத்தில்தான், இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலுக்குச் சாயங்கால வெயிலில் போங்கள். மறுநாள் காலை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். அதைப் பட்டறைக்கு முன்னால் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார், 1011ஆம் ஆண்டு வார்ப்பு. காளை இல்லை, அதன் மேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் ஊன்றியிருக்கிறது. அந்த விரல்களைக் கிட்டத்தில் பாருங்கள். இன்றைய சிலைகளில் நகை, மடிப்பு எல்லாம் வார்த்த பிறகு உளியில் வருகிறது. கோடுகள் கூர்மையாக நிற்கும். அங்கே பெரும்பகுதி மெழுகிலேயே முடிந்த வேலை, அதனால் தோல் போல வழிந்து இறங்குகிறது. முடிந்தால் பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். வீதியுலா வருகிற சாமிக்கு முதுகுப் பக்கத்திலும் பார்க்கிறவர்கள் உண்டு என்பதால் அங்கேயும் ஒரு குறை வைத்திருக்க மாட்டார்கள்.